மாற்றச் சொல்லும் மேதாவிகளும் நடுங்கும் ஒரு பழைய காரும்

எனது நெருங்கிய நண்பரொருவர் ஓய்வுபெற்ற சட்டத்தரணி. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் அவரது வீடு இருக்கிறது. அந்த வீட்டின் தகரக் கொட்டகையின் கீழ் 1971ஆம் ஆண்டுத் தயாரிப்பான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. அவரது தகப்பனார் 1978இல் நாடு திரும்பவிருந்த வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய கார் அது. கடந்த ஒரு வருடமாக நானும் நண்பரும் பேசத் தொடங்கினால் பேச்சு அரசியலில் ஆரம்பித்து அந்தக் காரின் நடுக்கத்தில் வந்து முடிவதே வழக்கமாயிற்று.

'கலைப்பட்டதாரியான உனக்கு எஞ்சின் பற்றி எழுத என்ன தகுதி?' என்று வழமையாகக் கடிதம் எழுதும் அன்பர்கள் இம்முறையும் கேட்கக்கூடும். கேட்கட்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவன் என்ற வகையில் ஒன்று எனக்குத் தெரியும். விசாரிக்காமல் எழுதப்படும் செய்தியும் விசாரிக்காமல் செய்யப்படும் திருத்தவேலையும் ஒரே குற்றத்தின் இரண்டு வடிவங்கள். இந்தப் பத்தி அந்தக் குற்றத்தைப் பற்றியது.

முதலில் வழக்கின் விபரம். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஒழுங்காக ஓடும். சூடேறிச் சோக்கை உள்ளே தள்ளியதும் நடுக்கம் தொடங்கும். கியர் கம்பு ஆடும், கண்ணாடி ஆடும், காலி வீதியின் சிவப்பு விளக்கில் நின்றால் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்து போகும். பின்னால் வரிசையில் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரர்களின் வாழ்த்துரைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் வீதி திறந்து வேகம் எடுத்துவிட்டால் எந்தக் குறையும் இல்லை.

நண்பர் அடுத்தடுத்து மூன்று கராஜ்களுக்குப் போனார். முதலாவது கராஜில் இரண்டு கார்பரேற்றர்களையும் கழற்றி, கழுவி, மீண்டும் பூட்டினார்கள். நடுக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. 'கலவை போதாது' என்று கூறி இரண்டையும் திருகிப் பெற்றோலைக் கூட்டிவிட்டார்கள். இரண்டாவது கராஜ் பிளக்குகள், பிளக் வயர்கள், டிஸ்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், கொண்டென்சர், கொயில் என்று பட்டியல் போட்டது. நண்பரின் மகள் லண்டனிலிருந்து பொதியாக அனுப்பிவைத்தார். எல்லாம் மாற்றப்பட்டன. முன்னர் சூடானதும் நடுங்கிய எஞ்சின் இப்போது சூடாகி அரைமணி நேரத்தில் ஓட்டத்திலும் விக்கத் தொடங்கியது. மூன்றாவது கராஜ்தான் உச்சம். அங்கிருந்த இளைஞர் முதலில் கணினியைப் பொருத்துவதற்குரிய துவாரத்தைத் தேடினாராம். 1971ஆம் ஆண்டுக் காரில் அது இல்லை என்பதை அறிந்ததும் தீர்ப்பை வாசித்துவிட்டார்: 'எஸ்.யு. கார்பரேற்றர்களை எறிந்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள். அதைவிட நல்லது, யப்பான் எஞ்சின் ஒன்றை இறக்கிவிடுவது.'

இந்த மூன்று கராஜ்களுக்கும் நண்பர் செலவழித்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா. அந்தத் தொகை முழுவதிலும் 'ஏன் நடுங்குகிறது?' என்ற கேள்விக்காகச் செலவழிக்கப்பட்டது ஒரு சதமேனும் இல்லை.

எம்.ஜி.பி. அப்படியொன்றும் மர்மமான இயந்திரமல்ல. 1962 தொடக்கம் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் மூடிய கூரை கொண்ட வகைகளையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. 1798 கனசென்ரிமீற்றர் கொள்ளளவு, நான்கு சிலிண்டர்கள், இரண்டு எஸ்.யு. கார்பரேற்றர்கள். அதன் எஞ்சின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையின் வேரைத் தேடிப் போனால் 1940களின் பிற்பகுதியில் ஒஸ்ரின் ஏ-40 காருக்காகச் செய்யப்பட்ட 1200 கனசென்ரிமீற்றர் எஞ்சினில் போய் நிற்கும். யாழ்ப்பாணத்து வாசகர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆம், நமது ஊர்களில் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற அதே ஏ-40 தான். அபிங்டனின் ஸ்போர்ட்ஸ் காரும் நமது ஹயர் காரும் ஒரே வம்சம்.

எஸ்.யு. கார்பரேற்றரின் கதையும் சொல்லத் தக்கது. 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கமே எஸ்.யு. சப்பாத்து வியாபாரக் குடும்பமொன்றைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். ஆரம்பகாலக் கருவிகளில் இன்றைய பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலினால் செய்த துருத்தி இருந்தது. சப்பாத்துக் கடைக்காரர்களுக்குத் தோலுக்கா பஞ்சம்! 1926இல் மொறிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அந்த அளவுக்குப் பிஸ்டன் தானாக உயரும். அதனுடன் இணைந்த கூம்பான ஊசியும் உயர்ந்து அதற்கேற்ற பெற்றோலை விடும். இவ்வளவுதான் இதன் தத்துவம். இதைவிட எளிமையான நேர்மை எந்த அரசியல்வாதியிடமும் கிடையாது. உள்ளே போகும் காற்று அனைத்தும் தன் வழியாகவே போகிறது என்று அது நம்புகிறது. நம்பிக்கைக்கு எங்கே துரோகம் நேர்கிறது என்பதுதான் இங்கே பிரச்சினை.

கார்பரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் எங்காவது ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் அதன் வழியாகக் காற்று களவாக உள்ளே நுழையும். அந்தக் காற்றுக்குரிய பெற்றோலை யாரும் கொடுப்பதில்லை. வேகமாக ஓடும்போது எஞ்சின் இழுக்கும் காற்று மிக அதிகம். அதனுடன் ஒப்பிட்டால் களவுக் காற்று வெறும் துளி. ஆனால் ஸ்லோவில் நிற்கும்போது திறப்பு ஏறத்தாழ மூடப்பட்டிருக்கும், எஞ்சின் சொட்டுச் சொட்டாகவே மூச்சு விடும். அப்போது அதே களவுக் காற்று பாதிக் கொள்ளையாகிவிடுகிறது. கலவை மெலிந்து சிலிண்டர் ஒழுங்காகப் பற்றாது. சோக்கை இழுத்தால் இந்தக் கார்பரேற்றரில் ஜெற் கீழிறங்கிப் பெற்றோல் கூடும். ஆகவே குறை மறைந்துவிடும். 'சோக்கோடு நல்லாக ஓடுகிறது, சோக் இல்லாமல் நடுங்குகிறது, வேகத்தில் நல்லாக ஓடுகிறது' என்று நண்பர் மூன்று கராஜ்களிலும் ஒப்புவித்த அந்த ஒரே வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. எவரும் செவிமடுக்கவில்லை.

இப்பொழுது முதலாவது கராஜ் செய்த காரியத்தைப் பாருங்கள். களவுக் காற்றை அடைக்காமல் பெற்றோலைக் கூட்டினார்கள். குறையில்லாத சிலிண்டர்கள் அளவுக்கு மிஞ்சிக் குடித்தன, அவற்றின் பிளக்குகளில் கரி படிந்தது. இரண்டாவது கராஜ் அந்தக் கரியைக் கண்டு 'பிளக் போய்விட்டது' என்றது. மூன்றாவது கராஜ் பெற்றோல் மணத்தைக் கண்டு 'கார்பரேற்றர் தேய்ந்துவிட்டது' என்றது. ஒருவர் செய்த பிழை அடுத்தவருக்கு நோய்க்குறியாகிறது, அவர் கொடுக்கும் மருந்து மூன்றாமவருக்குப் புது நோயாகிறது. நமது நாட்டின் நிர்வாகத்தைப் பற்றி எழுதுவதாக யாராவது நினைத்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

நான் எதிர்க்கும் மனப்பான்மை இதுதான். புதிய பாகம் என்றால் நல்ல பாகம் என்ற மூடநம்பிக்கை. பழைய கார்களுக்கென்று இன்று மறுபடி தயாரிக்கப்படும் கொண்டென்சர்களிலும் ரோட்டர்களிலும் தரமற்றவை ஏராளம் என்பது இந்தக் கார்களை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி. நாற்பது வருடம் உழைத்த பழைய கொண்டென்சரைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்பது மைல் தாங்காத புதியதைப் பூட்டுவதற்குப் பெயர் திருத்தமா? அதுவும் ஆறு பாகங்களை ஒரேயடியாக மாற்றினால், குறை நீங்கினாலும் எது காரணம் என்று தெரியாது, குறை கூடினாலும் எது காரணம் என்று தெரியாது. வழக்கில் சாட்சிகள் அனைவரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டு எழுத்துப்பதிவு செய்வதைப் போன்றது அது. இந்த உவமை நண்பருடையது.

அவர் சட்டத்தரணி என்பதால் ஒரு நன்மை விளைந்தது. கழற்றப்பட்ட ஒவ்வொரு பாகத்தையும் கேட்டு வாங்கி ஓர் அட்டைப்பெட்டியில் சான்றுப்பொருள் போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

யப்பான் எஞ்சினை இறக்கும் முடிவுக்கு நண்பர் ஏறத்தாழ வந்துவிட்ட நிலையில்தான் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்துச் சென்றேன். எழுபதைத் தாண்டியவர். சொந்த இடம் வலிகாமம். இப்பொழுது மகளுடன் கொழும்பில் இருக்கிறார். சொந்தக் கராஜ் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. நான் அவரை 'அண்ணை' என்றே அழைப்பேன். பெயரை எழுதுவதை அவர் விரும்பமாட்டார்.

அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1990 யூனில் போர் மீண்டும் வெடித்தபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை செய்யப்பட்டதும் நமது ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதும் உலகெங்கும் சிதறியிருக்கும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். அது 'தமிழனின் கண்டுபிடிப்பு' என்று மேடைகளில் முழங்குவார்கள். அந்த முழக்கத்துக்குள் நான் போகவில்லை. அந்த எஞ்சின்கள் தாங்கியமைக்கு ஒரு காரணம் இருந்தது. ஏ-40 போன்றவற்றின் அமுக்க விகிதம் 7 அளவிலேயே இருந்தது. மண்ணெண்ணெய் எளிதில் வெடித்துத் தட்டும் எரிபொருள், குறைந்த அமுக்கத்தில்தான் ஓரளவு பொறுக்கும். எம்.ஜி.பி.யின் விகிதமான 8.8இல் அதை முயன்றிருந்தால் பிஸ்டன்கள் சிதைந்திருக்கும்.

ஆனால் எனது பத்திக்கு முக்கியமானது வேறு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும் கார் வழியில் ஒருமுறை அணைந்து ஆறிப்போனால் மீண்டும் ஸ்டார்ட் செய்யப் பெற்றோல் வேண்டும். அந்தப் பெற்றோல் சிறிய போத்தலில் அளந்து வைத்திருந்த பொருள். தங்கத்துக்கு அடுத்தபடி. எனவே எஞ்சின் ஸ்லோவில் அணையாமல் நிற்பது அங்கே அழகுக்கோ சொகுசுக்கோ உரிய விடயமாக இருக்கவில்லை. அண்ணையின் காதுகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவை. மாற்றுவதற்குப் புதிய பாகம் என்ற ஒன்றே இல்லாத ஊரில் குறையைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவர் வந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அது சூடாகி நடுங்கத் தொடங்கியதும் நண்பர் வெட்கப்பட்டு அணைக்கப் போனார். "நிப்பாட்டாதையுங்கோ ஐயா, அது சொல்லட்டும்" என்றார். பத்து நிமிடம் எதையும் தொடவில்லை. புகைக்குழாயின் பின்னால் போய் நின்று கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, கழட்டின பழைய பிளக்குகள் எங்கை?"

அட்டைப்பெட்டி வந்தது. நான்கில் இரண்டு பிளக்குகள் கரிச்சட்டி போல இருந்தன, மற்ற இரண்டும் சாம்பல் வெண்மை. 'ஒரே சட்டியில் சாப்பிட்ட நான்கு பேரில் இரண்டு பேருக்கு மந்தம், இரண்டு பேருக்குப் பட்டினி' என்பது அவரது விளக்கம். இரண்டாவது கராஜில் இந்த நான்கையும் கழற்றியவர் அவற்றின் முகத்தை ஒரு கணம் பார்த்திருந்தால் போதும், லண்டன் பொதியே தேவைப்பட்டிராது.

அடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இறப்பர் பிடி போட்ட குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாம், இரண்டாம் சிலிண்டர்களின் வயரைக் கழற்றியதும் எஞ்சின் தள்ளாடியது. அதாவது அவை வேலை செய்துகொண்டிருந்தன. மூன்றாவதைக் கழற்றியபோது சிறிய மாற்றம். நான்காவதைக் கழற்றியபோது எந்த மாற்றமுமில்லை. உழைக்காதவனை வேலையிலிருந்து நிறுத்தினால் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மெக்கானிக் கார்பரேற்றரில் கை வைத்திருப்பார். அவர் வைக்கவில்லை. எஞ்சின் ஆறும்வரை தேநீர் குடித்தார். பிறகு வால்வு மூடியைத் திறந்தார். முதலில் வால்வு, அடுத்து நெருப்பு, கடைசியில்தான் பெற்றோல் என்பது அவர் கற்ற ஒழுங்கு. மூடாத வால்வுள்ள சிலிண்டரை எந்தக் கார்பரேற்றராலும் திருப்திப்படுத்த முடியாது. இந்த எஞ்சினில் எட்டு வால்வுகள். அவற்றைச் சரிபார்க்க 'ஒன்பது கணக்கு' என்றொரு பழைய உபாயம் உண்டு. முதலாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதை அளக்க வேண்டும். இரண்டாவது திறந்திருந்தால் ஏழாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இருக்க வேண்டிய இடைவெளி 0.015 அங்குலம். எட்டாவது வால்வில், அதாவது நான்காம் சிலிண்டரின் புகை வெளியேறும் வால்வில், தகடு நுழையவே இல்லை. இடைவெளி பூச்சியம்.

இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் வால்வு அமரும் இருக்கைக்குக் காப்பாக இருந்தது. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டு பிறந்தபோதும் இலங்கையில் 2002இலும் ஈயப் பெற்றோல் சந்தையிலிருந்து போயிற்று. மனித நலனுக்கு மிக நல்ல முடிவு. குழந்தைகளின் மூளையைவிட எம்.ஜி.பி.யின் வால்வு பெரிதல்ல. ஆனால் கடினப்படுத்திய இருக்கை போடப்படாத பழைய எஞ்சின்களில், புகை வெளியேறும் வால்வு சிறிது சிறிதாக இருக்கைக்குள் அமிழும். அமிழ அமிழ இடைவெளி குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது. நடுக்கம் முதன்முதலில் தொடங்கியதே இதனால்தான். மூன்று கராஜ்களும் வால்வு மூடியின் நான்கு பக்கமும் சுற்றி வேலை செய்தனவே தவிர, இரண்டு நட்டுகளைக் கழற்றி அதைத் திறந்து பார்க்கவில்லை.

இடைவெளியைச் சரிசெய்தபின் நான்காவது சிலிண்டர் உயிர்த்தது. ஆனால் மூன்றாவதைப் போலவே பலவீனமாக. இனி விடயம் தெளிவு. இந்த எஞ்சினில் முன் கார்பரேற்றர் முதலிரண்டு சிலிண்டர்களுக்கும் பின் கார்பரேற்றர் பின்னிரண்டுக்கும் ஊட்டுகிறது. பட்டினி கிடக்கும் இரண்டும் பின் கார்பரேற்றரின் பிள்ளைகள். ஒரு சிறிஞ்சில் தண்ணீரை எடுத்து, கார்பரேற்றர் எஞ்சினுடன் பொருந்தும் விளிம்பில் மெல்லப் பீச்சினார். நடுக்கம் சட்டென்று மாறியது. தண்ணீர் உள்ளே இழுபட்ட இடம் வெடிப்பு உள்ள இடம். இதற்குப் பெற்றோலையோ எரியும் திராவகங்களையோ தெளிக்கும் வீரர்கள் இருக்கிறார்கள். சூடான புகைக்குழாய்க்கு நேர் மேலே அதைச் செய்பவர்களுக்கு எனது ஆழ்ந்த அனுதாபம். கழற்றிப் பார்த்தபோது முதலாவது கராஜ் பழைய கடதாசி கஸ்கட்டையே மடிந்த நிலையில் வைத்து இறுக்கியிருந்தது தெரிந்தது. அண்ணை கஸ்கட் தாளில் புதியதை வெட்டினார். கத்தரிக்கோல் நண்பரின் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து வந்தது.

அதன்பிறகுதான் கலவை. ஜெற் நட்டுகளை முற்றாக மேலேற்றி, இரண்டு சுற்று கீழிறக்கி, அங்கிருந்து தொடங்கினார். ஓர் இறப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேற்றர் வாயிலும் வைத்து இரண்டின் சீறல் ஒலியும் ஒன்றாகும்வரை சரிசெய்தார். பிறகு பிஸ்டனை ஓர் இம்மியளவு உயர்த்திப் பார்த்தார். எஞ்சினின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, விழுந்து அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு, சற்றே ஏறி அடங்கினால் சரி. நட்டின் ஆறு பக்கங்களில் ஒவ்வொரு பக்கமாகத்தான் திருப்பினார். 'மேலேயுள்ள மூடியைத் திறந்து ஒயில் விட்டால் நடுக்கம் போகும்' என்று நண்பருக்கு மின்னஞ்சலில் அறிவுரை வழங்கிய ரொறன்ரோ அன்பருக்கு ஒரு வார்த்தை: அந்த ஒயில் வேகம் எடுக்கும்போது பிஸ்டன் பாய்ந்து எழாமல் தடுப்பதற்கானது. ஸ்லோவில் அதற்கு வேலை இல்லை.

எஞ்சின் ஒழுங்காக நின்றது. நண்பர் பணப்பையை எடுத்தார். அண்ணை இன்னும் அரைமணி நேரம் ஓடவிடச் சொன்னார். சொன்னபடியே விக்கல் வந்தது. டிஸ்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தபோது பொயின்றுகளுக்கிடையில் தடித்த நீலப் பொறி பறந்தது. லண்டன் கொண்டென்சர் சூட்டில் செயலிழந்திருந்தது. அட்டைப்பெட்டியிலிருந்த பழைய கொண்டென்சர் மீண்டும் பதவியேற்றது. ஆக மூன்று குறைகள். அவற்றில் ஒன்று வயதினால் வந்தது. மற்ற இரண்டும் பணம் கொடுத்து வாங்கியவை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். 'இது பழைய காலத்துக் கதை, இன்றைய கார்களுக்குக் கணினி இருக்கிறது' என்பார்கள். இருக்கிறது. கணினி 'பி0171' என்று எழுதிக் காட்டும். கலவை மெலிந்துவிட்டது என்பது அதன் பொருள். ஏன் மெலிந்தது என்பதை அது சொல்லாது. வெடித்த ஓர் இறப்பர் குழாயின் வழியே அதே களவுக் காற்று புகுந்திருக்கலாம். ஆனால் இலக்கத்தைக் கண்டவுடன் ஒட்சிசன் சென்சரை மாற்றும் கராஜ்கள் எத்தனை! கருவி முன்னேறியிருக்கிறது, பழக்கம் அதே இடத்தில் நிற்கிறது. கணினியை நான் குறை கூறவில்லை. பொயின்றுகளை அகற்றி இலத்திரனியல் பற்றவைப்பைப் பொருத்துவதையும் நான் எதிர்க்கவில்லை, தரமானதாக இருந்தால் அது நல்ல மாற்றமே. குறையைக் கண்டறிந்தபின் மாற்றுங்கள். கண்டறிவதற்குப் பதிலாக மாற்றாதீர்கள்.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பழைய கார்ச் சங்கங்களின் ரசிகர்கள். 'நடுங்குவதுதான் அதன் குணம், அதுதான் அழகு' என்பார்கள். இவர்கள் கராஜ்காரர்களைவிட ஆபத்தானவர்கள். பந்தயத்துக்கென்று மாற்றிய கேம் பொருத்தப்பட்டிருந்தால் எஞ்சின் ஸ்லோவில் தடுமாறுவது இயல்பு, ஒத்துக்கொள்கிறேன். இந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் ஒரே காற்றுவாயைப் பங்கிடுவதால் பங்கு முற்றிலும் சமமாவதில்லை, அதனால் மெல்லிய ஏற்றத்தாழ்வு இருக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தியில் அணைந்து போவது குணமல்ல. கிழவனின் இருமலை இசை என்று புகழ்ந்துகொண்டிருந்தால் அவன் காசநோயில் போய்விடுவான்.

இதையெல்லாம் ஒரு பணக்காரரின் விளையாட்டுப் பொருளைப் பற்றிய புலம்பலாக எடுத்துக்கொள்பவர்கள் இந்த நாட்டின் அண்மைக்கால வரலாற்றை மறந்தவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் 2022இன் எரிபொருள் வரிசைகளையும் பார்த்தோம். அதற்கு முன்னர் 1970களிலும் இதே கதை. வைத்திருப்பதைத் திருத்தி ஓடவேண்டிய நாடு இது. பாகங்களை மாற்றுவது மட்டுமே தெரிந்த கைகளை வளர்க்கும் வசதி நமக்குக் கிடையாது. ஒவ்வொரு பாகமும் வெளிநாட்டு நாணயம். மண்ணெண்ணெயில் ஓடிய காரைப் பற்றி மேடையில் பெருமை பேசுகிறோமே, அந்தக் காரை ஓடவைத்தவர்களில் எத்தனை பேரிடம் எத்தனை இளைஞர்கள் இன்று வேலை பழகுகிறார்கள்? அண்ணையின் சொந்த மருமகன் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். அதில் பிழையில்லை. ஆனால் அவரது காதில் இருக்கும் கல்வியை எழுதி வைக்கவும் எவருமில்லை, ஒலிப்பதிவு செய்யவும் எவருமில்லை. யாழ்ப்பாணத்தின் பழைய வைத்தியர்கள், சோதிடர்கள், நாதஸ்வர வித்துவான்கள் பற்றியெல்லாம் மலர் வெளியிடுகிறோம். கராஜ்காரனுக்கு மலர் இல்லை. கையில் கிறீஸ் இருப்பதுதான் காரணமோ என்னவோ.

வாகனத்தைத் திருத்தக் கொடுக்கும் வாசகர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். எதை மாற்றுகிறீர்கள் என்று கேட்காமல் எதைச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் மாற்ற விடாதீர்கள். கழற்றிய பாகத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நண்பர் கொடுத்த பத்தாயிரத்தில் அண்ணை ஐயாயிரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது எட்டாவது வால்வை ஒவ்வொரு 500 மைலுக்கும் அளக்கச் சொன்னார். கடந்த வாரம் அளந்தபோது இடைவெளி 0.011இல் நின்றது. இருக்கை இன்னும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே சிலிண்டர் தலையைக் கழற்றிக் கடினமான இருக்கைகளைப் பதிக்க வேண்டும். இம்முறை உண்மையாகவே ஒரு பாகம் மாற்றப்படவேண்டியிருக்கிறது. அதைச் சரியாகக் கடையக்கூடிய பட்டறையைக் கொழும்பில் தேடிக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.